வெளுத்தவள் கடக்கும் துறை

செதோகா முகாம்
12 மே 2001

அண்ணன் காவோலாத்தேக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணி போயிட்செபோ நன்றாகச் சாப்பிடுகிறாளா? மாடுகளுக்குப் புல் இருக்கிறதா? நான் சுகம். சாமான் லாரி நாளை மவுனுக்குப் போகிறது என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

வடக்கிலிருந்து இந்த வருட வெள்ளம் வந்துவிட்டது. போன வாரம் ஜீப் ஓடிய தடத்தில் இப்போது அல்லி மிதக்கிறது. உனக்கு ஒரு செய்தி: இந்தப் பருவத்திலிருந்து நான் முகாமில் சமையல்காரி இல்லை, விருந்தினரை விலங்கு பார்க்கக் கூட்டிப்போகும் வழிகாட்டி. தேர்வில் தேறிவிட்டேன். முதல் நாளே ஒரு கிழவர் கழுத்தில் கேமராவோடு வந்து, "வழிகாட்டி எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டார். "ஏறி உட்காருங்கய்யா, வழியில ஏத்திக்கலாம்" என்றேன். பாதி தூரம் போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

அன்றைக்கே அதிர்ஷ்டம். இங்கே ஒரு சிங்கக் கூட்டம் இருக்கிறது. தலைவி வெளிறிய நிறம், நாங்கள் அவளை வெளுத்தவள் என்போம். மற்ற ஊர்ச் சிங்கங்கள் தண்ணீரைக் கண்டால் பூனை போல ஒதுங்கும். இவள் மார்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். பின்னால் குட்டிகள் முக்கி முனகிக்கொண்டு நீந்தின. கிழவர் படம் எடுக்கவே மறந்துவிட்டார்.

டாபேக்காக இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன், விருந்தினர் விட்டுப்போனவை. நம் மாடுகளை இத்தனை வருடம் மேய்ப்பவர் தோளில் துணி இல்லாமல் திரிவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பக்கம் நல்லதே நடக்கட்டும்.
உன் தங்கை கெலெபோன்யே


துபெக்கோ மாட்டுப்பட்டி
3 ஜூன் 2001

தங்கச்சி கெலேக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். அண்ணி உன் செய்தியைக் கேட்டு ஆடினாள். நான் ஆடவில்லை, முழங்கால் விடவில்லை. களியைக் கருக்கியே பழகியவள் இனிச் சமைக்கமாட்டாள் என்றால் அந்த முகாமுக்கு நல்ல காலம்தான்.

சட்டைகள் வந்தன. டாபே இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிகிறான். கழற்றச் சொன்னால், "ஒண்ணு பகலுக்கு, ஒண்ணு குளிருக்கு, ஐயா" என்கிறான்.

இங்கே செய்தி நல்லதல்ல. யானைகள் வேலியை மறுபடி சாய்த்துவிட்டன. சிங்கங்கள் வந்து நம் கறுப்பு உழவு மாட்டைப் பட்டிக்குள்ளேயே அடித்தன. டாபே எரிகிற கட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே குதித்தான். நான் வருவதற்குள் அவை போய்விட்டன. கட்டை பிடித்த கையெல்லாம் அவனுக்குக் கொப்புளம். "அது என்னைய நல்லாப் பாத்துச்சு ஐயா. இவன்கிட்ட கறி இல்லன்னு விட்டுடுச்சு" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வனவிலங்கு அதிகாரி வந்தார், கால்தடத்தைப் பார்த்தார், சுடக்கூடாது, இப்போது சட்டம் அதற்கு இடம் தராது என்றார், போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் காவோலாத்தே


செதோகா முகாம்
19 ஜூன் 2001

அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் டாபேயும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இருமல் இருந்தது, போய்விட்டது.

கறுப்பன் போனது எனக்கும் வலிக்கிறது. அவனைப் பூட்டித்தானே அம்மாவின் வயலை உழுதோம். பட்டிக்கு முள்ளை இன்னும் உயரமாகப் போடு. வெயில் சாய்வதற்குள் மாடுகளை அடைத்துவிடு. டாபேயின் கையை மருந்தகத்தில் காட்டு, சாணியைப் பூசிவிட்டுச் சும்மா இருக்காதே.

இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். இந்தச் சிங்கங்களால்தான் எனக்குச் சோறு. சிறுத்தையும் காட்டுநாயும் ஒரு நாள் தென்படும், நான்கு நாள் தென்படாது. வெளுத்தவள் ஏமாற்றியதே இல்லை. ஆட்கள் கடல் தாண்டி வருவது அவளுக்காகத்தான்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.
கெலே


துபெக்கோ
8 ஜூலை 2001

கெலேக்கு,

நாங்கள் இருக்கிறோம். குளிர் அதிகம், வாளித் தண்ணீரில் காலையில் பனிக்கட்டி ஏடு கட்டுகிறது.

முள்ளை உயர்த்தினோம். அதற்குப் பிறகும் இரண்டு போயின. ஒன்று புள்ளிப் பசு. அம்மா சாகும்போது உன் பெயரைச் சொல்லி விட்டுப்போன பசு. சினையாக இருந்தாள். இதை உனக்கு எப்படி எழுதுவது என்று கொஞ்ச நாள் யோசித்தேன்.

அண்ணி உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். எனக்கும் இப்போது உன் வேலை மேல் ஆசை வந்துவிட்டது. அந்த வெளுத்தவள் எங்கேதான் தங்குகிறாள்? இவ்வளவு வெள்ளத்தில் எந்த இடத்தில் கடக்கிறாள்? குட்டிகளும் கூடவே வருமா? விவரமாக எழுது. இங்கே பேச வேறு என்ன இருக்கிறது.

அண்ணன்


செதோகா முகாம்
27 ஜூலை 2001

அண்ணனுக்கு,

சுகம்தானே? புள்ளிக்காக ஒரு நாள் முழுக்க அழுதேன். அதற்கு மேல் அழ நேரமில்லை, முகாம் நிறைந்திருக்கிறது.

நீ என் வேலையைப் பற்றிக் கேட்டாயே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. வழிகாட்டித் தேர்வுக்குப் போகிறேன் என்றபோது, "ஜீப்பு ஓட்டுற பொண்ண எவன் கட்டுவான்?" என்றவன் நீ.

கேள். குட்டிகளைப் பனைத்தீவில் வைத்திருக்கிறாள். வயிறு காலியானால் மேற்கே வருவாள். எல்லா இடமும் ஆழம், முதலையும் உண்டு. ஒரே ஒரு துறைதான் அவளுக்கு. ஒரு பெரிய அத்தி மரம் விழுந்து கிடக்கிறது, அங்கே மணல் மேடு தண்ணீருக்கு அடியில் ஓடுகிறது. அதில் இறங்கி உங்கள் பக்கக் கரையில் ஏறிச் செம்புற்றுக்குப் பக்கத்தில் படுப்பாள். குட்டிகளும் வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்து நடப்பாள். இந்த வழியை மாற்றியதே இல்லை.

இப்போது டென்மார்க்கிலிருந்து இங்கர் என்ற அம்மாள் வந்திருக்கிறார். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது, இருவரும் சேர்ந்து வரத் திட்டமிட்ட பயணமாம். வெளுத்தவள் குட்டியை நக்குவதைப் பார்த்து அழுதார். அடுத்த மாதம் இன்னொரு முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எழுது. உன் கடிதம் வந்தால் சமையலறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன்.
கெலே


செதோகா முகாம்
22 ஆகஸ்ட் 2001

அண்ணனுக்கு,

நீ பதில் போடவில்லை. அண்ணி சுகமா? டாபே சுகமா?

திங்கட்கிழமை காலை இங்கர் அம்மாளோடு அத்தி மரத் துறைக்குப் போனேன். சொன்னபடியே அவர் மறுபடி முகாமுக்கு வந்திருக்கிறார். தூரத்திலேயே கழுகுகள் தெரிந்தன. பறக்கவில்லை, மரத்திலும் உட்காரவில்லை. தரையில் இறக்கை விரித்துக் கிடந்தன. ஒரு நரி. இரண்டு கழுதைப்புலிகள், ஒன்று தண்ணீரில் தலையை வைத்தபடி.

வெளுத்தவள் செம்புற்றுக்குப் பக்கத்தில் கிடந்தாள். தரையைக் கால்களால் உழுது தள்ளியிருந்தாள். குட்டிகளில் ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. வாயில் நுரை. அது எங்கள் ஜீப்பைப் பார்த்து எழுந்து நிற்கப் பார்த்தது. முகாமிலிருந்து துப்பாக்கி வருவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது.

இங்கர் அம்மாள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.  திரும்பும் வழியில், "இதச் செஞ்சவன் மனுஷனே இல்ல" என்றார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். 

நஞ்சு வைத்தது ஒரு கன்றின் உடலில். இன்னும் அடையாளச் சூடு போடாத கன்று. நான் முதலில் பார்த்தபோது அதற்கு இடது காது இருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தபோது இல்லை. கழுதைப்புலி தின்றிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள்.

இன்னொன்று. அந்தக் கன்றின் ஒரு பின்தொடை கத்தியால் மூட்டோடு அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. சிங்கம் அப்படி எடுக்காது. யார் எடுத்தார்கள்? அந்தக் கறியை யாரும் சாப்பிடவில்லையே? வேறு எதற்கும் நீ பதில் சொல்ல வேண்டாம். இதற்கு மட்டும் உடனே சொல். லாரிக்காரர் செரெட்ஸே உன் பட்டி வழியாகத்தான் வருவார், அவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னாலும் போதும்.

கெலே


துபெக்கோ
30 செப்டம்பர் 2001

தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன். வெயில் ஏறிவிட்டது. குளம் சேறாகிவிட்டது, மாடுகளை வெகுதூரம் தண்ணீருக்கு ஓட்ட வேண்டியிருக்கிறது. நானே ஓட்டுகிறேன். டாபே கான்சிப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டான்.

அண்ணிக்கு உடம்பு சரியில்லை. தூங்குவதில்லை. மருந்தகத்தில் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள்.

மாடுகளுக்கு இப்போது தொந்தரவு இல்லை.

மழை சீக்கிரம் வரட்டும்.
காவோலாத்தே


மவுன்
25 அக்டோபர் 2001

அண்ணனுக்கு,

அண்ணிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

விடுப்பில் மவுனுக்கு வந்திருக்கிறேன். நேற்றுச் சந்தையில் ஒரு பெண் என் கையைப் பிடித்தார். டாபேயின் மனைவி கஸே. ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், நம் அம்மாவின் சாவுக்கு வந்தபோது. பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு, கிடைத்த லாரியில் எல்லாம் ஏறி இங்கே வந்திருக்கிறார். டாபே ஊருக்கு வரவில்லை, அண்ணா. ஆள் மூலம் ஒரு சொல்கூட வரவில்லை. மழைக்கு முன் கூரை போட வருவதாகச் சொல்லியிருந்தாராம்.

"உங்க அண்ணன்கிட்ட போய்க் கேட்டேம்மா. ஊருக்குப் போயிட்டான்னாரு. அண்ணி உள்ளயிருந்து வெளியவே வரல. ரெண்டு சட்டையும் கொடியில அப்படியே தொங்குது. சட்டை இல்லாம எந்த ஊருக்குப் போனாரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை. அறைக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தத் தொடை நினைவுக்கு வந்தது. அறுத்த இடம் நேராக, சுத்தமாக இருந்தது. நம் பட்டியில் அப்படி அறுக்கத் தெரிந்தவர் யார் என்று உனக்கும் தெரியும்.

துறையைக் கேட்டவன் நீ. சொன்னவள் நான். காதை அறுத்துத் தண்ணீரில் எறிந்தவளும் நான்தான், அதில் நம் மாடுகளுக்குப் போடும் அடையாள வெட்டு இருந்தது. அதனால் என்னிடம் மறைக்க உனக்கு ஒன்றும் இல்லை. டாபே எங்கே?

கெலே


துபெக்கோ
18 நவம்பர் 2001

கெலே,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போதுதான் அனுப்புகிறேன்.

பயிர்ப் பூச்சிக்கு அடிக்கிற மருந்து அது. நோஞ்சான் கன்று ஒன்றைக் கொன்று, கழுதை வண்டியில் ஏற்றி அத்தி மரத்துக்குக் கொண்டு போனேன். டாபேயிடம் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். காணாமல் போன மாடுகளைத் தேடி வா என்று வடக்கே அனுப்பிவைத்தேன். மாடுகள் வடக்கே இல்லை. அவன் மாடுகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கே, துறைப் பக்கம் போயிருக்கிறான்.

நான் ஊர்க்கூட்டம் முடிந்து திரும்பியபோது அடுப்பில் கறி வாசனை. அண்ணி அன்று அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "உங்க கன்னு ஒண்ணு அங்க செத்துக் கிடந்துச்சு ஐயா, சூடுகூட ஆறல. கறி வீணாப் போவானேன்னு கொண்டாந்தேன்" என்றான். அவன் தட்டு காலியாக இருந்தது. எனக்கென்று நல்ல துண்டாக எடுத்து மூடி வைத்திருந்தான்.

வண்டியில் கழுதையைப் பூட்டினேன். மருந்தகம் அரை நாள் வழி. பாதி வழிகூடப் போகவில்லை.

திருப்பிக் கொண்டுவந்து பட்டிக்குப் பின்னால் முள்மரத்தடியில் புதைத்தேன். அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுவதில்லை.

கஸேயிடம் சொல்லாதே. பாம்பு கடித்தது என்று சொல்லிவிடலாம். பசுக்களை ஓட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் விடுகிறேன், அவள் எவ்வளவு கேட்டாலும். ஜெயிலுக்குப் போனால் இந்தப் பட்டி அழிந்துவிடும். நம் அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னைப் படிக்க வைத்தது இந்தப் பட்டிதான்.

அண்ணன்


மவுன்
11 டிசம்பர் 2001

அண்ணனுக்கு,

அண்ணி இங்கே என் அறையில் இருக்கிறாள். அவளாகவே வந்தாள். நேற்று கொஞ்சம் களியும் தயிரும் சாப்பிட்டாள். அவளைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் முகாமில் வேலை செய்தேன். விருந்தினருக்குச் சிறுத்தை காட்டினேன், காட்டுநாய் காட்டினேன். சிங்கம் எங்கே என்று கேட்டார்கள். இந்தப் பக்கம் இப்போது இல்லை என்றேன். ஒவ்வொரு நாளும் பாம்பு என்ற சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அது கஸேயின் முகத்துக்கு நேரே வராது என்று தெரிந்துவிட்டது.

அவரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். துறையையும் காதையும் சேர்த்து. பிறகு நாங்கள் மூன்று பெண்களும் காவல் நிலையத்துக்கு நடந்து போனோம். காது எங்கே என்றார்கள், தண்ணீரில் என்றேன். வழிகாட்டி உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முகாமில் என் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் வழக்கு தனியாக வருமாம்.

வெள்ளிக்கிழமை உன்னிடம் வருவார்கள். இந்தக் கடிதத்தைச் செரெட்ஸே அதற்கு முன்னால் உன் கையில் கொடுப்பார். ஓடு என்பதற்காக அனுப்பவில்லை. அவர்கள் வரும்போது மண்வெட்டியோடு முள்மரத்தடியில் நின்றுகொண்டிரு. இடத்தை நீயே காட்டு.

கஸே என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா? அவரு என்ன சொன்னாரு?"

எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும். அவருக்கு நீ கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான், பசுக்கள் இல்லை.

கெலெபோன்யே


மவுன் சிறை
14 ஜனவரி 2002

கெலேக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இங்கே சாப்பாடு தருகிறார்கள். மழை கூரைத் தகரத்தில் கேட்கிறது. மாடுகளை அண்ணியின் தம்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

கஸே கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். டாபேயைத் தோண்டி எடுத்த நாளில் அந்த அம்மாள் எனக்கு எதிரில்தான் நின்றார், அப்போதே சொல்லியிருக்கலாம்.  நீ படித்துக் காட்டு.

பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வண்டியை நிறுத்தி அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கண் தெரியவில்லை என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், உள்ளே போகவில்லை. வலியில் உடம்பு வில்லாக வளைந்தது. பிறகு கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தார். என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பேசினார்.

"ஐயா, நீங்க அந்தக் கறியத் தொட்டுடாதீங்க. அதுல என்னமோ கெட்டது இருக்கு. வீட்டு அக்கா அவங்க அம்மா வீட்டுலேருந்து வந்தா அவங்களுக்கும் சொல்லிடுங்க. மறந்துடாதீங்க" என்றார்.

எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார். நான் சரி என்றேன். அது அவருக்குக் கேட்டது, தலையை ஆட்டினார். பிறகு பேசவில்லை.

கஸே அம்மாவுக்கு வேறு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் எல்லோர் வீட்டிலும் மழை நன்றாகப் பெய்யட்டும்.
காவோலாத்தே